வலது பக்கம் மந்தம்

மார்ச் 3, செவ்வாய்

காலைக் காட்சியில் ஒரு லாரி திரையின் இடமிருந்து வலமாகப் போகிறது. பாதித் திரை வரைக்கும் லாரிச் சத்தம். அதற்கு அப்புறம் சைக்கிள். வலது பக்க ஒலிபெருக்கி மந்தமாகிவிட்டது.

மேனேஜரிடம் சொன்னேன். "யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையேய்யா" என்றார். எல்லாருக்கும் இந்தக் காது வாய்க்குமா? இருபது வருஷமாக இந்தத் தியேட்டரில் எனக்குப் பட்டப்பெயரே பாம்புச்செவி. ஹாலில் ஒரு மின்விசிறியின் திருகு கழன்றால், ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்தபடியே எந்த விசிறி என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

முதல் காட்சிக்கு முன்னால் ஒயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். இடது பக்கத்து ஒயரை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்று. குறையும் கூடவே இடம் மாறினால் மேலே அறையில் உள்ள மெஷினில் கோளாறு. மாறாமல் அதே பக்கம் நின்றால் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியில் கோளாறு.

மாற்றிவிட்டுக் கீழே ஓடி ஹாலின் நடுவில் நின்று கேட்டேன். குறை அசையவில்லை. வலதுதான். ஆக, ஒலிபெருக்கி. கேஸ் முடிந்தது.

மைத்துனனுக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரியின் தம்பி. எங்கள் தியேட்டரின் ஒலிச் சாமான்களைப் பழுது பார்ப்பவன் அவன்தான். நான் சேர்த்துவிட்ட ஆள். போனில் முணுமுணு என்று பேசுகிறான். வழக்கம்போல இடது காதுக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். அக்காளுக்கும் இதே வியாதி. பரம்பரை போலிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

மைத்துனன் வந்தான். ஆளில்லாத ஹாலில், மழை கொட்டுவது போன்ற சோதனை இரைச்சலை ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் விட்டு, சத்தம் அளக்கும் மீட்டரைத் தூக்கிப் பிடித்தான். சர்வீஸ் நோட்டில் ஏதோ எழுதினான். என்னைப் பார்த்தான். மறுபடி மீட்டரைப் பார்த்தான்.

"அத்தான், உங்களுக்கு நெஜமாவே வலது பக்கம் கம்மியா கேக்குதா?"

"பின்னே, பொழுது போகாம சொல்றேனா? அந்த மீட்டரைத் தூக்கிக் குப்பையில போடு."

"சரி, உள்ளே இருக்கிற யூனிட்டையே மாத்திப் பாத்துடலாம்" என்றான். திரைக்குப் பின்னால் புழுதியில் இரண்டு மணி நேரம் கிடந்து புதுசு மாட்டினான். தும்மிக்கொண்டே போனான்.

மார்ச் 7, சனி

இன்னும் சைக்கிள்தான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ?

மேனேஜர் ஆபரேட்டர் அறைக்கு வந்தார். மைத்துனனும் வந்திருந்தான். புதுசு போட்டும் ஏன் சரியாகவில்லை என்று அவர் கேட்டார். "புதுசாவது! பழசுக்குப் பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்து மாட்டியிருக்கான் சார்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

மைத்துனன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேனேஜரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். "தப்பு என் மேலதான் சார்" என்றான். "அப்படின்னா இனிமே நீ வர வேணாம்ப்பா" என்று மேனேஜர் முடித்துவிட்டார். அவன் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனான்.

குத்துகிறதுதான். ஆனால் தொழில் வேறு, உறவு வேறு. குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டான் அல்லவா?

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றாள் இவள். அதன்பிறகு என்னோடு பேச்சு இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரோடுதான் பேசுகிறாள். "சோறு வச்சிருக்கு" என்றாள் காலண்டரிடம். நான்தான் எழுந்துபோய்ச் சாப்பிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

இனி யாரை நம்பி என்ன? வலது பக்கச் சத்தத்தை நானே நாலு புள்ளி ஏற்றி வைத்தேன். அப்பாடா. லாரி கடைசி வரை லாரியாகப் போகிறது.

மார்ச் 14, சனி

வலது பக்க வரிசைகளிலிருந்து ஏழு பேர் இடைவேளையில் மேனேஜர் முன்னால் போய் நின்றார்கள். ஒருத்தர் காதில் பஞ்சு. நல்ல ஒலி எது என்று இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தெரிவதில்லை. இறக்கு என்றார் மேனேஜர். விளக்கிச் சொன்னேன், செவிடன் காதில் ஊதிய சங்கு. இறக்கினேன்.

மார்ச் 18, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

காலையில் காலி ஹாலில் சோதனை இரைச்சலை ஓடவிட்டிருந்தேன். ஐந்து விநாடி இடது, ஐந்து விநாடி வலது. நடு வழியில் திரையைப் பார்த்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவு அக்கா ஏதோ கேட்டிருக்கிறாள். எனக்குக் காதில் விழவில்லை. துடைப்பக் கட்டையால் நாற்காலியில் டொக் டொக்கென்று தட்டினாள். திரும்பினேன்.

இரைச்சல் மாறிவிட்டது. செத்துப்போனதென்று நான் சாபம் விட்ட வலது ஒலிபெருக்கி ராஜா மாதிரி முழங்குகிறது. நன்றாக இருந்த இடது மந்தம்.

திரையைப் பார்த்துத் திரும்பினேன். வலது மந்தம். முதுகைக் காட்டினேன். இடது மந்தம். மறுபடியும். மறுபடியும்.

"என்னண்ணே, சுத்திச் சுத்தி வர்றீங்க? தலை கிலை சுத்துதா?"

தலைதான் அக்கா. ஒயரை மாற்றினேன், யூனிட்டை மாற்ற வைத்தேன். இடம் மாற்றிப் பார்க்காமல் விட்டது என் தலை ஒன்றைத்தான். குறை தலையோடு சேர்ந்து இடம் மாறுகிறது. முதல் பாடம்! அதில் ஃபெயில் ஆன ஒரே ஆபரேட்டர் நானாகத்தான் இருப்பேன்.

மேலே போய் சர்வீஸ் நோட்டைப் புரட்டினேன். 6ஆம் தேதி, மைத்துனன் கையெழுத்து: இடது 85, வலது 85. அதற்குக் கீழே: வலது யூனிட் மாற்றப்பட்டது.

அப்போ அன்னைக்கே தெரிஞ்சிருக்கு அவனுக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு மீட்டர்ல பாத்துட்டுதானே அந்தப் புழுதியில போய்ப் படுத்தான்? "உங்க ஆபரேட்டருக்குக் காது போச்சு சார்"னு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். சொல்லலையே. தப்பு என் மேலன்னு தலையைக் குனிஞ்சானே. நான் என்ன மனுஷன்?

மார்ச் 20, வெள்ளி

காது டாக்டர். சின்னக் கூண்டு மாதிரி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார் அந்த அம்மா. இடது காது ஜோராக முடிந்தது. வலது காதுக்கு வெகு நேரம் காத்திருந்தேன்.

"ஆரம்பிச்சாச்சா டாக்டர்?"

"முடிஞ்சே போச்சு."

அழுக்கு ஏதாவது அடைத்திருக்கும், எடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசிப் பார்த்தேன். "அழுக்கு இல்லை, நரம்பு. வேலையில மெஷின் எந்தப் பக்கம் ஓடும்?" என்றார். வலது. காதுக்குள் வைத்துக்கொள்ள ஒரு குட்டி மெஷின் இருக்கிறதாம். காதுக்கே ஒரு ஒலிபெருக்கி. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டரை விட்டுவிட்டு இவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்."

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னேனே. வலது பக்கமா நின்னு சொல்லிட்டேன் போல."

சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லணும்" என்றாள்.

மார்ச் 21, சனி

சர்வீஸ் நோட்டில் எழுதினேன்: "குறை: ஆபரேட்டரின் வலது காது. ஒலிபெருக்கிகளில் எந்தக் குறையும் இல்லை. 6ஆம் தேதி மாட்டிய யூனிட் புதியது. மெக்கானிக்கைப் பற்றி நான் சொன்னது பொய்." கையெழுத்துப் போட்டு மேனேஜர் மேசையில் வைத்தேன்.

அவர் இரண்டு தரம் படித்தார். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

"இதுக்கு ஸ்பேர் கிடைக்குமாய்யா?"

"ஆர்டர் குடுத்திருக்கேன் சார்."

"அது வர்ற வரைக்கும் நீ படத்தை ஓட்டு, சத்தத்துல மட்டும் கை வைக்காதே. சத்தத்தை மீட்டர்காரன் பாக்கட்டும். நீயே போய்க் கூப்பிடு. நான் கூப்பிட மாட்டேன்."

மார்ச் 22, ஞாயிறு

மைத்துனனுக்கு மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

அவன் கடைக்கே போய்விட்டேன். ஏதோ ஒரு பெட்டியைப் பிரித்துப் போட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"வாங்க அத்தான். இன்னைக்கு எந்தப் பக்கம் ரிப்பேர்?"

"வலது பக்கம்தான் மாப்ளே. ஸ்பீக்கர் இல்ல, நான்." வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நாலு வாக்கியமும் மறந்துபோயின. "மன்னிச்சுடுடா. மேனேஜர் முன்னாடி உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன்."

அவன் எழுந்து எனக்கு வலது பக்கமாக வந்து, அலமாரியில் எதையோ தேடிக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னான். ஒரு வார்த்தையும் விழவில்லை.

"என்ன சொன்னே?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். ஒரு தடவைதான் சொல்லுவேன்." இப்போது இடது பக்கம் வந்திருந்தான். "சனிக்கிழமை காலையில வந்து மீட்டர் வைக்கிறேன்."

ஆசை தீரத் திட்டியிருப்பான். திட்டட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

மத்தியானம் மைத்துனன் சாப்பிட வந்தான். இவள் மூன்று தட்டு வைத்தாள். அவன் எப்போதும் உட்காரும் இடம் என் வலது பக்கம், ஜன்னலோரம். அங்கே வைத்திருந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி வந்து, என் இடது பக்கம் உட்கார்ந்தான்.