சொல்லி அனுப்புகிறேன் என்றவர் வந்திருந்தார்

அன்பு மகள் ஷைனிக்கு அப்பா எழுதுவது. கர்த்தரின் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். லோகு அண்ணனுக்குச் சிப்காட்டில் மறுபடியும் நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள், பகலில் தூங்குகிறான், அதனால் அம்மா மிக்ஸி போடுவதில்லை, தினமும் ரசம்தான். இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா என்பாய். இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என் மனதை இளக்கிவிடுவாய், அதற்காகத்தான் கடிதம்.

செவ்வாப்பேட்டை பரசுராமன் நம் வீட்டுக்கு வந்திருந்தார். மறந்திருக்க மாட்டாய். உனக்குத் திருவள்ளூர் கல்லூரியில் இடம் கிடைத்ததும் நாம் இரண்டு பேரும் போய் மாடி போர்ஷன் பார்த்தோமே, அந்த வீட்டுக்காரர். படியிலேயே நிற்க வைத்து இன்னா சமைப்பீங்க, யார் யார் வந்து போவாங்க என்று கேட்டார். கடைசியாக, கும்மிடிப்பூண்டியில எந்தப் பக்கம் என்றார். நீ சூது தெரியாமல் காலனி, சர்ச்சுக்குப் பின்னாடி என்றாய். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. ரொம்ப சந்தோஷம்மா, அப்பா வாத்தியாரா, சொல்லி அனுப்புறேன் என்றார். நாமும் நம்பி வந்தோம். அம்மா உனக்கென்று புது பக்கெட்டும் பாயும் வாங்கி வைத்தாள். மறுவாரம் நான் போய்ப் பார்த்தபோது வாடகைக்கு விடப்படும் என்ற போர்டு அதே கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் நீ வீட்டிலிருந்தே பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் ரயில் மாறிப் போய் வந்தாய், பிளாட்பாரத்தில் நின்றபடியே தூங்கப் பழகினாய். அந்த பக்கெட்டில்தான் இப்போது அம்மா அரிசி கொட்டி வைத்திருக்கிறாள்.

அவருடைய மகன் பரத்துக்கு இப்போது நீ படிக்கிற புனே கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்கிறதாம். கீழ் அறைக்கு நீ சொல்கிற ஆளையே வைத்துக்கொள்கிறேன் என்று உன் வீட்டுக்கார அம்மா சொன்னாரே, அது பையன் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. பையன் கொடுத்த விலாசத்தோடு வந்த பரசுராமனுக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. பேச்சிலர்னாலே எவனும் ஊடு தர மாட்டேன்றான் சார், புள்ள பேஜாராயிட்டான், லாட்ஜுல தங்கிக்கினு அலையுறான், நம்ம பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா போதும் என்றார். நீ எப்போது அவருக்கு நம்ம பொண்ணு ஆனாய் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா டீ வைத்தாள். இப்பதான் குடிச்சினு வந்தேன் என்றார். ஆறிடும் சார், குடிச்சிட்டே பேசலாம் என்று சொல்லிவிட்டு நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் யார் செய்தது என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேனே, அப்படி. எடுத்தார், அடிவரை குடித்தார். தேவை வந்தால் நம் வீட்டு டம்ளரும் கசக்காது போலிருக்கிறது.

ஒரு கணக்கு ஒருவனுக்குப் புரிந்ததா என்று பார்க்க, அதே கணக்கை எண்களை மட்டும் மாற்றிப் போடச் சொல்வேன் அல்லவா. அதைத்தான் செய்தேன். பையன் இன்னா சமைப்பான் என்று கேட்டேன். யார் யார் வந்து போவாங்க என்று கேட்டேன். ஊர்ல எந்தப் பக்கம் என்று கேட்டபோதுதான் அவருக்கு அந்த மாடிப்படி நினைவுக்கு வந்தது, முகம் செத்துவிட்டது. ரொம்ப சந்தோஷம் சார், சொல்லி அனுப்புறேன் என்று கேட் வரை போய் வழியனுப்பினேன். அம்மா உள்ளேயிருந்தே, புனேயிலயும் ரயில் ஓடுதாமே, புள்ளை ரெண்டு வண்டி மாறிப் போவட்டும் என்று அவர் காதில் விழவே சொன்னாள்.

அந்தப் பையன் என்ன தப்பு செய்தான் என்று நீ கேட்பாய். நீ என்ன தப்பு செய்தாய்? மன்னிக்கிற மனதைக் கொடு என்று ஜெபத்தில் கேட்டுப் பார்த்தேன் ஷைனி, வரவில்லை. வந்தது போல நடிக்க எனக்குத் தெரியாது. பரத் உன்னிடம் வந்தால் கடுமையாக ஒரு வார்த்தை பேசாதே. உட்கார வை, தண்ணீர் கொடு, நமக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த மூன்று கேள்வியையும் சிரித்த முகத்தோடு கேள். சொல்லி அனுப்புகிறேன் என்று சொல். பிறகு என்ன என்பாய். பிறகு ஒன்றுமில்லை, நமக்கும் ஒன்றும் வரவில்லை. அந்த அறையை, எந்தப் பக்கம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பிள்ளைக்கு வாங்கிக் கொடு. அப்படி ஒருத்தி உன் வகுப்பிலேயே இருப்பாள், தேடிப் பார்.

படுக்குமுன் கேஸ் அடுப்பை மூடினாயா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் படு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இதை எழுதும்போதே போன் அடிக்கிறது, பரசுராமன்தான். நான் எடுக்கவில்லை, கட் பண்ணவும் இல்லை. முழுவதும் அடித்து ஓயட்டும்.

உன் அன்பு அப்பா,
யேசுதாஸ்
கும்மிடிப்பூண்டி, சர்ச்சுக்குப் பின்பக்கம்