வேலி தாண்டும் சனிக்கிழமைகள்

அண்ணை, இன்றைக்கு மைதானம் ஒரே சேறு. இரவு தொடங்கிய மழை இன்னும் விடவில்லை என்று ரீவியில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர் சொல்கிறார். ஓட்டத்துக்கு முன்னம் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிறார்கள். குளிரில் அவற்றின் முதுகிலிருந்து ஆவி எழுகிறது. இந்த டயலிசிஸ் வார்டில் எனக்குப் பக்கத்துக் கதிரை, உங்களுடைய கதிரை, இப்போது ஒரு வெள்ளைக்காரருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சாப்பிடக் கூடாத சாமான்களை நாலு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கென்ன விசரா?

இடக்கையில் ஊசி இருக்கிறது. வலக்கையால் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதல் இங்கே வந்த அன்று என் இரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போவதைப் பார்க்கப் பயந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேப்பரில் குதிரைப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "தங்கச்சி, மூண்டரை மணி ஓட்டத்திலை எது வெல்லும் எண்டு நினைக்கிறீர்?" என்று கேட்டீர்கள். ஒழுங்கான மனிதரென்றால் எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று கேட்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு உதொண்டும் தெரியாது" என்றேன். "அப்ப நல்லது. தெரிஞ்சவையோடைதான் கதைக்கேலாது" என்றீர்கள்.

பாரிசில் உணவகச் சமையற்கட்டுகளில் வேலை செய்த காலத்தில் பழகிய பழக்கம் அது. பந்தயத்தில் காசு வைப்பதை அங்கேயே விட்டுவிட்டு, குதிரைகளை மட்டும் லண்டனுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வீர்கள். அதுவும் வேலி தாண்டி ஓடும் குதிரைகள்தான். வெறும் தரையில் ஓடுவதை ஓட்டமாகவே நீங்கள் மதிக்கவில்லை.

கெட்டிக்காரக் குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றி ஓட விடுவார்கள் என்பதை உங்களிடம்தான் கேள்விப்பட்டேன். அதை அப்படியே வார்டுக்குப் பொருத்தினீர்கள். செவ்வாய், வியாழன், சனி, மூன்று நாளும் ஊசி குத்த முன்னம் நாங்கள் எல்லோரும் தராசில் ஏறி நிற்க வேண்டும். போன முறைக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த தண்ணீரின் பாரம் அதில் தெரிந்துவிடும். தேர்த் திருவிழா முடிந்து வந்த கிழமை நான் ஏறியதும் முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, "இண்டைக்குத் தங்கச்சிதான் எல்லாரிலும் கெட்டிக்காரி! மோர்ப்பந்தலைக் காலி பண்ணிப்போட்டு வாறா" என்றீர்கள். நேர்ஸ் என்னை முறைத்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

குதிரைகளின் ஆங்கிலப் பெயர்கள் உங்கள் வாயில் நுழைந்ததே இல்லை. நீங்களாக வைத்த பெயர்களை இப்போது நான் புதுக் குதிரைகளுக்கு வைக்கிறேன். இன்றைக்கு மூன்று பேரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முதலாவது மாப்பிள்ளை. செம்மண் நிறம், பிடரியைப் பின்னிவிட்டிருக்கிறார்கள், பாரமும் அவருக்குத்தான் கூட. கடைசியாக ஓடிய இரண்டிலும் வென்றிருக்கிறார், ஆனால் இரண்டும் காய்ந்த தரை. சேற்றில் இவ்வளவு பாரத்தோடு கடைசி மேட்டை ஏறுவாரா என்பது எனக்குச் சந்தேகம். இரண்டாவது வட்டிக்காரன். கறுப்பு. கடைசி வரைக்கும் பின்னால் பதுங்கி வந்து, முடியப்போகும் நேரத்தில் வாசலில் வந்து நிற்பான். போன மாதம் நீர்க்குழியில் தடுக்கியவன் என்பதால் நம்ப ஏலாது. மூன்றாவது மாமியார். சாம்பல் நிறக் கிழவி. விட்ட உடனே முன்னுக்குப் போய் நின்று ஒருவரையும் தாண்ட விடமாட்டாள். சேறு அவளுக்குச் சீர்வரிசை மாதிரி. என் தெரிவு அவள்தான். நீங்கள் இருந்தால் வட்டிக்காரனைச் சொல்லி என்னோடு கொழுவியிருப்பீர்கள்.

ஓட்டம் முடிந்துவிட்டது அண்ணை. மாமியார்தான் வென்றாள். மாப்பிள்ளை முடிக்கவில்லை. இரண்டு வேலி மிச்சம் இருக்கையில் ஓட்டுநர் கடிவாளத்தை இழுத்து, ஓரமாக நடத்திக்கொண்டு போய்விட்டார். விழவில்லை, நொண்டவும் இல்லை.

இதே மாதிரி ஒன்றை உங்களோடு இருந்து பார்த்தபோது நான் கத்திவிட்டேன். "என்ன கோதாரி இது! இவ்வளவு தூரம் வந்திட்டு, ரெண்டு வேலிதானே கிடக்கு? பேயன் நிப்பாட்டுறான்!"

"பேயன் இல்லைத் தங்கச்சி. அதின்ரை மூச்சு எப்பிடிப் போகுதெண்டு மேலை இருக்கிறவனுக்குத்தான் விளங்கும். கதிரையிலை இருந்து பாக்கிற எங்களுக்கு ரெண்டு வேலி. அதுக்கு அது மலை."

"விட்டிருந்தால் வெண்டிருக்கும்" என்றேன்.

"விட்டிருந்தால் திரை கட்டியிருப்பினம்" என்றீர்கள். விழுந்த குதிரை எழும்பாவிட்டால் சனம் பார்க்காதபடி சுற்றிவரத் திரை கட்டுவார்கள். அதைக் காட்டும்போது நீங்கள் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

அந்த ஓட்டம் நடந்த பனிக்காலத்தில்தான் உங்கள் இதயம் பலவீனமானது. மெஷினில் போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே பிரஷர் விழும், முகம் வெளுக்கும், நேர்ஸ்மார் ஓடிவந்து கதிரையைச் சாய்த்துக் காலை உயர்த்துவார்கள். கண் விழித்ததும் எந்தக் குதிரை முன்னுக்கு என்று கேட்பீர்கள். நானும் சொல்லுவேன். அப்படியே போகும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கடைசி ஓட்டத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, அதே குரலில் சொன்னீர்கள். "தங்கச்சி, நான் டொக்டரோடை கதைச்சிட்டன். இனி வரமாட்டன்."

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்களாக்கும் என்று நினைத்து, எங்கே என்று கேட்டேன்.

"ஒரு இடமும் இல்லை. நிப்பாட்டப் போறன். மகளுக்கும் சொல்லிப்போட்டன்."

டயலிசிஸை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். "நீங்கள் என்ன குதிரையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லைத்தானே. குதிரையெண்டால் வேறை ஒருத்தன் முடிவெடுக்க வேணும். எனக்கு நான் எடுக்கலாம்" என்று சொல்லித் தண்ணீர் கேட்டீர்கள். எங்களுக்கு அளந்து விட்டிருக்கும் அளவைவிட ஒரு மிடறு கூடுதலாகவே குடித்தீர்கள். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். எங்கள் இருவரையும் வீட்டுக்கு ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வானிலும் கதைக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது "வாறன்" என்றீர்கள், நாங்கள் எல்லோரும் போகும்போது சொல்கிற மாதிரி.

அடுத்த சனிக்கிழமை நீங்களே போன் எடுத்தீர்கள். குரல் நித்திரையிலிருந்து வருவது போல இருந்தது. "மைதானம் எப்பிடி?" என்று கேட்டீர்கள். ஈரம் என்றேன். "ஆர் ஆர் ஓடுகினம், சொல்லும்." அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு ஒவ்வொரு குதிரையாக, நிறம், பாரம், போன ஓட்டம் எல்லாம் சொன்னேன். இடையில் லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "ஓம். நல்லாச் சொல்லுறீர்" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்கவில்லை.

செத்தவீட்டில் சனம் வாய்க்கு வந்தபடி கதைத்தது. மனம் விட்டுப்போனார், பிள்ளையை நினைக்கவில்லை, சாமியைக் கும்பிட்டிருக்கலாம். உங்கள் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "அன்ரி, நீங்கள்தானே எப்பவும் பக்கத்திலை இருந்தது. அப்பா கிவ் அப் பண்ணினவரா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "எத்தினை வருசம் ஊசியைக் குத்தக் கையை நீட்டினவர். இனி ஏலாதெண்டு அவரின்ரை உடம்பு அவருக்குச் சொன்னது. அது உனக்கும் கேளாது, எனக்கும் கேளாது." அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நல்ல பதில் சொன்னேன் என்று அங்கே நின்ற ஒருவர் பிறகு சொன்னார்.

ஆனால் அண்ணை, அவளுக்குச் சொன்னதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. உங்கள் முடிவு சரி என்று புத்திக்குத் தெரியும். எனக்கு உங்களோடு கோபம். காலையில் எழும்ப மனமில்லாத நாட்களில், வான்காரன் வந்து ஹோர்ன் அடிக்கும்போது, அந்தக் கோபம்தான் முதலில் எழும்புகிறது. நீங்கள் நிறுத்தினால் நானும் நிறுத்த வேண்டுமோ என்று வாய்க்குள் உங்களைத் திட்டிக்கொண்டே சப்பாத்தை மாட்டுகிறேன். திட்டி முடிய இன்னும் நிறைய இருக்கிறது. செவ்வாய்க்கிழமையும் வருவேன்.