இரு பக்கமும் எழுதிய தாள்

கிழக்குத் தாம்பரம்
9 ஜனவரி 2025

அன்புள்ள பிளஸ்ஸிக்கு,

நலம் என்று எழுதித் தொடங்க வேண்டும். மனம் வரவில்லை. இருக்கிறோம், அவ்வளவுதான். வாதத்தில் விழுந்த அப்பாவின் வலது பக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஞாபகம்தான் முன்பைவிட மோசம். காலையில் சொன்னது மத்தியானம் மறந்துபோகிறது.

கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதம் பொங்கல் நெருங்கும்போதுதான் வந்து சேர்ந்தது. அந்தமானில் வேறு இடமே இல்லாதது போல, படகுத்துறையில் மட்டும் போன் எடுக்கிற தீவாகப் பார்த்து டீச்சர் வேலைக்குப் போயிருக்கிறாய். பரவாயில்லை. அப்பாவுக்கும் போனில் பேசினால் காது கேட்பதில்லை, கடிதம்தான் பிடிக்கிறது. தாளின் பின்பக்கத்தையும் வாசிக்கச் சொல்கிறார். இந்த முறை பின்பக்கத்தில் ஏழாம் வகுப்பு அறிவியல் கேள்வித்தாள். ஒரு கேள்விக்கு மட்டும் "பச்சையம்" என்று சரியாகப் பதில் சொன்னார், மீதிக்கெல்லாம் சிரித்தார். புதுத்தாள் வாங்கக் கூடாது என்று உன் தீவுக்காரர்கள் தீர்மானம் போட்டதில் அவருக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது.

குப்பை வண்டியில் வரும் சரசு நேற்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, பெரியவரோட டயப்பர தனியா கட்டிக் குடு. அல்லாத்தையும் ஒண்ணா போட்டுக்கினு இருந்தா எனக்குத்தான் பேஜாரு." அவள் சொல்வது நியாயம். ஒரு நாளைக்கு நான்கு. என்னால் குறைக்க முடியவில்லை.

ஊரப்பாக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வந்த ஆள் ஐந்தாம் நாளே போய்விட்டார். அப்பா அவர் கையைக் கடித்துவிட்டார். என்னைத் தவிர யார் ஊட்டினாலும் வாய் திறப்பதில்லை.

என் விடுப்பு மே மாதத்தோடு முடிகிறது. ஜூன் இரண்டாம் தேதி பள்ளியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போனதுதான் என்று தாளாளர் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் நான், ஒரு வருஷம் நீ என்று நாம் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. அந்தப் பக்கம் போய் நான்கு மாதம் ஆகிறது.

உன் அக்கா
அபி

---

தீவிலிருந்து
2 பிப்ரவரி 2025

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளுக்கு நடுவில் நின்றே வாசித்தேன். அப்பாவுக்கு என் முத்தம். அவர் பதில் சொன்னதை வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முன்பு துறைக்குப் பின்னால் குப்பையைக் குவித்து எரிப்பார்கள் என்று எழுதியிருந்தேனே, அந்த இடத்தில் இப்போது குப்பை பிரிக்கும் கொட்டகை போட்டிருக்கிறோம். கப்பலில் வந்து இறங்கும் எதுவும் இங்கே குப்பையாகக் கூடாது என்று எண்பத்திரண்டு குடும்பங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தன. கிழிந்த வலை பையாகிறது. மீன் கழிவு தென்னைக்கு உரமாகிறது. கடைக்காரர் துளசிங்கம் அண்ணாதான் கடைசி வரை மல்லுக்கு நின்றார், பாக்கெட் எண்ணெய் இல்லாமல் வியாபாரம் ஓடாது என்று. எங்கள் சங்கத் தலைவி தபீதாள் அக்கா ஒரே போடு போட்டார்: "பாக்கெட்டை நீங்களே சாப்பிடுங்கண்ணே. எங்களுக்கு எண்ணெயை மட்டும் ஊத்துங்க." இப்போது பீப்பாயில் வரவழைத்து, அவரவர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறார்.

தபீதாள் அக்காவின் மாமியாரும் படுக்கைதான். டயப்பரே கிடையாது. பழைய வேட்டியை மடித்துத் தைத்து, துவைத்துத் துவைத்துக் கட்டுகிறார்கள். மாதிரிக்கு ஒன்று வைத்திருக்கிறேன். நீயும் செய்து பாரேன் அக்கா, சரசுவுக்கும் பாரம் குறையும்.

மே மாதம் வருகிறேன். நீ கவலைப்படாதே.

உன் பிளஸ்ஸி

---

கிழக்குத் தாம்பரம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள பிளஸ்ஸிக்கு,

மாதிரி வந்தது. தையல் அழகாக இருக்கிறது. துவைப்பது யார்?

உன் பேச்சைக் கேட்டு அப்பாவின் வேட்டிகளைக் கிழித்து எட்டு தைத்தேன். மூன்று நாள் கட்டிப் பார்த்தேன். இந்தப் பால்கனியில் இரண்டு கொடி கட்டலாம், வெயில் பதினொரு மணிக்குப் போய்விடும். மாடி வீட்டுக்காரர் நாற்றம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் என் விரல் இடுக்கெல்லாம் உரிந்துவிட்டது, சாதம் பிசைய முடியவில்லை. நான்காம் நாள் மறுபடி கடைக்கு ஆள் அனுப்பினேன். தபீதாள் வீட்டில் எத்தனை கைகள் என்று நீ எழுதவில்லை.

உன் தீவில் குப்பை குறைந்ததைப் படித்தால் எனக்குப் பெருமைதான். கர்த்தர் அறிய அது பொய்யில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வாசித்தும் காட்டினேன். ஆனால் எனக்கு இப்போது வேண்டியது யோசனை இல்லை, கப்பல் தேதி. இந்த அறைக்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது பிளஸ்ஸி. பதினாறு வருஷமாகப் பிள்ளைகளோடு கத்திப் பழகியவள் நான். இப்போது என் குரலை நானே கேட்பது அப்பாவைத் திட்டும்போது மட்டும்தான்.

தேதியை எழுது.

உன் அக்கா
அபி

---

தீவிலிருந்து
8 மார்ச் 2025

அன்பான அக்காவுக்கு,

விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. தப்பு என்னுடையது. இங்கே சங்கத்துப் பெண்கள் பத்துப் பேர் முறை வைத்துத் துவைக்கிறார்கள், எனக்குச் செவ்வாய்க்கிழமை. அதை எழுதாமல் விட்டேன்.

மே இருபதாம் தேதிக் கப்பல். சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல். வந்த அன்றைக்கே நீ வெளியே கிளம்பிப் போய் ஒரு முழு நாள் ஊர் சுற்ற வேண்டும், அது என் உத்தரவு.

உன் பிளஸ்ஸி

---

கிழக்குத் தாம்பரம்
24 மார்ச் 2025

பிளஸ்ஸி,

எட்டாம் தேதிக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். மே இருபது என்றதும் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். பிறகு வழக்கம்போலத் தாளைத் திருப்பச் சொன்னார். கேள்வித்தாள்தானே என்று பார்க்காமலே சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, என் பணிக்காலத்தை 2027 மே வரை நீட்டிக்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன். குடும்பத்தில் எனக்குத் தடை எதுவும் இல்லை."

உன் கையெழுத்து. தேதி ஜனவரி 27. நடுவில் ஒரு வார்த்தையை அடித்திருந்தாய், அதனால் வேறு தாளில் நல்ல பிரதி எழுதிக் கொடுத்திருப்பாய். இதை வீணாக்க வேண்டாம் என்று இதன் பின்பக்கத்தில் எனக்கு எழுதிவிட்டாய். எனக்கு எழுதும்போது திருப்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அதற்கு ஆறாம் நாள்தான் "மே மாதம் வருகிறேன், நீ கவலைப்படாதே" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நடுவில் நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை, கடைசி வரை வாசித்துவிட்டேன். அப்பாவுக்குப் புரிந்தது. சாயங்காலம் வரை அழுதார். மறுநாள் காலையில் எல்லாம் மறந்து, "பிளஸ்ஸி எப்பம்மா வரா?" என்று கேட்டார். எனக்கு அந்த வசதி இல்லை.

உனக்குத் தடை இல்லாததற்குக் காரணம் நான் இங்கே இருப்பதுதான்.

அபி

---

தீவிலிருந்து
16 ஏப்ரல் 2025

அக்கா,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் இரண்டு கப்பலைத் தவறவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்காருவேன். வருகிறேன் என்று எழுதும்போது வந்துவிடுவேன் என்று நானே நம்பினேன். எழுதி முடித்ததும் பயம் வந்துவிடும். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் நான் திரும்பி வரவே முடியாது. உன்னைப் பார்த்துத்தான் அந்தப் பயம் வந்தது, மறைக்கவில்லை. இங்கே கூட்டத்தில் "டீச்சர் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்று தபீதாள் அக்கா சொல்கிறார். நம் வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இப்போது நான் போனால் கொட்டகை மூடிவிடும் என்கிறார்கள். அது நிஜமா, எனக்கு வசதியாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

படப்பை பக்கம் முதியோர் இல்லம் இருக்கிறதாமே. விசாரித்துப் பார் அக்கா. மன்னித்துவிடு.

பிளஸ்ஸி

---

கிழக்குத் தாம்பரம்
31 மே 2025

பிளஸ்ஸி,

படப்பைக்குப் போனேன். இடம் இருக்கிறது. கடிக்கிற ஆளை, மற்றவர் ஊட்டினால் சாப்பிடாத ஆளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். மறைத்துச் சேர்த்துவிடலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். முடியவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. இரண்டாம் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நேற்று பள்ளிக்குப் போய் ராஜினாமா கொடுத்துவிட்டேன். ஹெட்மாஸ்டர், "தங்கச்சி வரலையா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன். பக்கத்து வீட்டம்மா அரை மணிதான் உட்காருவதாகச் சொல்லியிருந்தார், அதனால் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன்.

நீ பயந்தது சரிதான். இந்த வீட்டுக்குள் வந்தவர் வெளியே போக முடியாது. நீ வெளியே இருக்கிறாய், அங்கேயே இரு. எனக்கு இனி எழுத வேண்டாம். பிறகு சமாதானமாகிவிடுவேன் என்று நினைத்தும் எழுதாதே.

ஆனால் அப்பா தினமும் காலையில் கேட்கிறார். என்னால் ஒவ்வொரு நாளும் அவரை அழவைக்க முடியவில்லை. பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை, உளறிவிடுகிறேன், கண்டுபிடித்துவிடுகிறார். அதனால் அவருக்கு மட்டும் எழுது. அடுத்த கப்பலில் வருகிறேன் என்று எழுது. உனக்கு அது நன்றாக வரும். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

அபிகாயில்