பிள்ளையார் கோயிலில் மாறிப் போன தாள்

ஜூரோங் வெஸ்ட்,
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் சிவானிக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன், நீ காதையும் கழுத்தையும் போர்த்திக்கொண்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி எனக்கு மறந்துவிடும், மீதியை அம்மா பிடுங்கிப் பேசிவிடுவாள், அதனால் கையால் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் மேற்படிப்புக்கு அறக்கட்டளை தரும் உபகாரச் சம்பளத்துக்காக நீ எழுதிய கட்டுரை விஷயத்தில் ஒன்று நடந்துவிட்டது. நாளை மாலை கடைசி நேரம் என்பதால் நீ அதை அனுப்பும் முன் இதைப் படித்துவிட வேண்டும், அதன் பிறகு எப்படிச் செய்வதென்று நீயே முடிவு செய்.

சென்ற வாரம் நீ கட்டுரையை எனக்கு அனுப்பி, "அப்பா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டாய். நான் தேக்காவுக்குப் போய் போட்டோஸ்டாட் கடையில் அச்செடுத்து வந்து, கப்பல் பட்டறையில் வரைபடம் சரிபார்த்த பழக்கப்படி ஒவ்வொரு வரிக்கும் கீழே ரூலர் வைத்துப் படித்தேன். முதல் இரண்டு பத்திகள் எனக்கு மிகவும் பிடித்தன. பிடிக்காமல் எப்படி இருக்கும், இணையத்திலிருந்து ஒரு மாதிரிக் கட்டுரையை எடுத்து இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று உனக்கு அனுப்பியதே நான்தானே. மூன்றாம் பத்தியில் ரூலரை நகர்த்தாமல் நிறுத்திவிட்டேன். பதின்மூன்று வயதில் ரயிலில் அம்மா உரக்கப் பேசியதும், பள்ளித் தோழி ஒருத்தி அதே பெட்டியில் இருந்ததும், நீ வெட்கப்பட்டு எழுந்து அடுத்த பெட்டிக்கு நடந்து போனதும் அதில் இருந்தது. அம்மா ஏன் உரக்கப் பேசினாள் என்று அப்போது உனக்குத் தெரியாது. தொழிற்சாலை இரைச்சலில் அவளுடைய இடது காது போய்க்கொண்டிருந்ததை நாங்களே வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். காது கேட்கும் திறனைப் பற்றி மேற்படிப்புப் படிக்க விரும்பும் பெண் பெற்ற தாயைப் பார்த்து வெட்கப்பட்டாள் என்று தெரிந்தால் தேர்வுக்குழு உன்னை என்ன நினைக்கும் என்று பயந்தேன். அம்மா கண்ணில் பட்டால் என்ன ஆவாள் என்று அதைவிடப் பயந்தேன். பென்சிலால் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்து, அந்த இடத்தில் சான்றிதழ்களைப் போடச் சொன்னேன். நீயும் மறுபேச்சில்லாமல் "சரிப்பா, எடுத்துடுறேன்" என்றாய். நீ அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது.

செவ்வாயன்று சங்கடஹர சதுர்த்தி. உன் தேர்வு அனுமதிச் சீட்டுகளையெல்லாம் காத்தோங் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து வந்தோமே, அதுபோல இதையும் வைத்துவிடலாம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ திருத்தி அனுப்பியதை மறுபடி அச்செடுக்காமல், பென்சில் கோடு போட்ட பழைய தாளையே எடுத்துப் போனேன், எது வேண்டும் எது வேண்டாம் என்று பிள்ளையாருக்குத் தெரியாதா என்ற எண்ணம். நல்ல கூட்டம். நான்காக மடித்துத் தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுத்தேன், ஐயர் நாலைந்து தட்டுகளைச் சேர்த்து உள்ளே கொண்டுபோய் அர்ச்சனை செய்து குங்குமத்தோடு திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து, பிரசாதம் பட்ட தாளைக் கடைசியாக ஒரு முறை படித்துவிடலாம் என்று ரூலரோடு உட்கார்ந்தேன். சிறு வயது முதலே சமூகத்துக்குச் சேவை செய்யும் ஆர்வம், பெற்றோரின் தியாகம், சவால்கள் தந்த மன உறுதி, எல்லாம் சரியாக இருந்தன. தலையை ஆட்டிக்கொண்டே படித்தேன். இரண்டாம் பக்கத்தில் "என் தம்பிக்கு நான் கணிதம் சொல்லிக்கொடுத்தபோது" என்று வந்தது. உனக்கு ஏது தம்பி? அப்போதுதான் பென்சில் கோடு இல்லை என்பதைப் பார்த்தேன். கட்டுரையில் பெயர் எழுதக்கூடாது என்ற விதியால் மேலே விண்ணப்ப எண் மட்டும் இருந்தது, அதுவும் உன்னுடைய எண் இல்லை. அதே அறக்கட்டளைக்கு எழுதிய வேறு யாரோ ஒரு பிள்ளையின் தாள்.

எனக்கு வியர்த்துவிட்டது கண்ணு. இத்தனை வருடம் பட்டறையில் ஒரு வரைபடத்தைக்கூட மாற்றிக் கொடுக்காதவன் பெற்ற பெண்ணின் தாளை மாற்றி எடுத்து வந்துவிட்டேனே என்று இருந்தது. உன்னுடையது எவர் கையில் இருக்கிறதோ, அவர்கள் அதிலிருந்து எடுத்து எழுதிவிட்டால் இரண்டையும் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்து நீ திருடியதாகச் சொல்லிவிடுவார்களோ, உன் பெயர் கெட்டுவிடுமோ என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றியது. அந்த ரயில் பத்தியை முன்பின் தெரியாத யாரோ படிப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அம்மாவிடம் தாள் மாறியதை மட்டும் சொன்னேன், அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லை. மறுநாள் காலை நான் தனியாகப் போகப் பார்த்தேன், அவள் விடவில்லை, "நீங்க பதறிப்போய் பஸ்ஸ மாத்தி ஏறிடுவீங்க" என்று கூடவே வந்தாள்.

கோயிலில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மா தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி என்று பெயர், கோயம்புத்தூர்க்காரி, இங்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை, மகன் ரித்திக் விண்ணப்பித்திருக்கிறான். என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும், "அங்கிள், நீங்கதானா? லீவு போட்டுட்டு வந்து நிக்கிறேன்" என்றாள். எனக்கு இருந்த அதே பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. மகன் அரண்டுபோய் விட்டானாம், "அம்மா, எனக்கு முன்னாடியே யாரோ என் கட்டுரைய எழுதிட்டாங்க" என்றானாம். "நானும் மொதப் பக்கம் முழுக்க இவன் எழுதினதுன்னுதான் நெனச்சேன், அங்கிள். அந்த ரயில் வந்ததுக்கப்புறம்தான் இது வேற வீட்டுப் புள்ளன்னு தெரிஞ்சுது. ஏன் அத மட்டும் கோடு போட்டு அடிச்சிருக்கீங்க? அதுல ஆள் இருக்கிற எடமே அது ஒண்ணுதான். ரித்திக்கிட்ட ரெண்டு தடவ படிச்சுக் காட்டினேன். அவனோட மொதப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுட்டு உக்காந்து எழுதிட்டிருக்கான்" என்றாள். அவளைப் பேச விடாமல் செய்ய வழி தெரியாமல் நின்றேன். அம்மா அவளுக்கு இடது காதைக் காட்டி நின்றிருக்கக் கூடாதா என்று அந்த நேரத்தில் நினைத்ததைப் பிள்ளையார் மன்னிக்க வேண்டும். வலது காது அந்தப் பக்கம்தான் இருந்தது. "எந்த ரயிலு?" என்று அம்மா கேட்டு, அவளிடமிருந்து தாளைக் கையில் வாங்கி, கோடு போட்ட பத்தியை உதடு அசையப் படித்தாள். படித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வந்து, வீட்டுக்குப் போகும் ரயில் ஏறினோம். ரயிலில் நான் அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்து என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்தேன். குவீன்ஸ்டவுனில் கதவு திறந்தபோது அவளாகவே சொன்னாள். "இந்த ஸ்டேஷன்தான்" என்றாள். எனக்குப் புரியவில்லை. "கிளமெண்டில எந்திரிச்சுப் போனா. பெட்டியெல்லாம் ஒண்ணோடொண்ணு தெறந்துதானே இருக்கு, நான் பார்த்துட்டேதான் இருந்தேன். கம்பியப் புடிச்சுட்டு நின்னா. இங்க வந்ததும் அவளாவே திரும்பி வந்துட்டா. எப்பவும் எனக்கு எடப்பக்கம் உக்கார்றவ அன்னைக்கு வலப்பக்கம் வந்து உக்காந்தா. அன்னையிலேர்ந்து வலப்பக்கம்தான். டாக்டரே அப்பறந்தான் கண்டுபுடிச்சாரு, என் புள்ள அன்னைக்கே கண்டுபுடிச்சிட்டா. போனத எழுதினவ வந்தத ஏன் எழுதலன்னு கேளுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கோடு போடறதுக்கு ஒங்கள யாரு கேட்டா" என்றும் சொன்னாள்.

நீ திரும்பி வந்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நினைவில்லையென்றால், நினைவிருப்பதுபோல் எழுதாதே, அம்மா பார்த்ததாக அப்படியே எழுது. நான் அனுப்பிய மாதிரிக் கட்டுரையைத் தூர எறிந்துவிடு, பெற்ற அப்பனே வேறு பிள்ளையின் தாளை உன்னுடையது என்று தலையாட்டிப் படித்த பிறகு அந்தப் பத்திகளுக்கு என்ன மதிப்பு? பெயர் இல்லாமல் எந்தக் கோயிலில் எந்தத் தட்டில் கிடந்தாலும், எடுத்துப் படிக்கிறவர் இது சிவானிதான் என்று அடையாளம் காண வேண்டும். இதைச் சொல்லும்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. முன்பு சொன்னதும் நான்தான், இப்போது மாற்றிச் சொல்வதும் நான்தான், இதனால் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் இந்த முறை அம்மாவும் இதையே சொல்கிறாள், அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

பிள்ளையார் உனக்குத் துணையாக நிற்கட்டும், நினைத்த படிப்பு கைகூடி நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள். கடைசி நேரம் என்பது சிங்கப்பூர் நேரம், மெல்பர்ன் நேரம் இல்லை, இருந்தாலும் மதியமே அனுப்பிவிடு. அனுப்பும் முன் எனக்குக் காட்ட வேண்டாம். அம்மாவுக்குக் காட்டு.

உன் அன்பு அப்பா,
நடேசன்