காலிக் கட்டங்கள்

பாம்பூஃப்ளாட்
12.3.2009

நிவேதா அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை.

லீவில் வந்தவர், என் நர்சரி வகுப்பின் அட்டவணையை என்னைக் கேட்காமலே நிரப்பிவிட்டுக் கார் நிக்கோபாருக்குக் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

எந்தக் குழந்தைக்கு எந்த எழுத்தின் ஒலி வருகிறது என்று மாதாமாதம் குறிப்பது என் வேலை. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒலியைச் சொல்வேன். திருப்பிச் சொன்னால்தான் டிக். நம் மகளுக்கு நேரே எல்லாக் கட்டமும் காலி. மறந்துபோய் விட்டதில்லை அது. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தது.

நீங்கள் அவளை எதிரே உட்காரவைத்து, "ம சொல்லு, ப சொல்லு" என்றீர்கள். உங்கள் உதட்டைப் பார்த்து அவளும் சொன்னாள். "என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்? எல்லாம் வருது பாரு" என்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை மெயின்லேண்டிலிருந்து காது டாக்டர் வந்தார். வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். காலிக் கட்டம் உள்ள குழந்தைகளை மட்டும்தான் அவரிடம் அனுப்பினார்கள்.

"அரே, உங்க பொண்ணுக்கு எல்லாமே வருதே, டீச்சர்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

என் வீட்டுக்காரர் போட்ட டிக் அது என்றேன்.

"அப்பாவே கேட்டிருக்காரு, அப்புறம் என்ன?" என்று பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

சுனாமி முகாமில் அவளுக்குக் காய்ச்சல் வந்த அந்த ஜனவரியிலிருந்து, ஒரு வார்த்தையைச் சொல்லாமலே நாலு வருஷம் ஓட்டிவிட்டோம். இதிலும் அதை நான் எழுதப் போவதில்லை.

அடுத்த கப்பலில் வாருங்கள். அவள் வாசலில் விளையாடிக்கொண்டிருப்பாள். முன்னால் போய் நிற்காதீர்கள். பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

திரும்பினால், நீங்களே டிக் போடுங்கள்.

அவள் அம்மா