இடப்பக்கத்துச் சீட்டில் தூசி

5.5 திங்கள்
காலையிலேயே வெயில். எளாவூர் பக்கம் ஹைவேயில் லாரிகள் நகரவில்லை. கும்மிடியில் இரும்புச் சட்டங்களை ஏற்றிக்கொண்டு இந்த வாரமும் ஏரிக்கரை மண்பாதைதான். டிப்பர்கள் ஓடி ஓடிப் பாதை மாவாகக் கிடக்கிறது.

சாயங்காலம் பிக்கப்பைக் கழுவினேன். டேஷ்போர்டுக்கு ஈரத்துணி. சீட்டுத் தூசி போகப் பங்க்கில் காற்று அடித்தேன். மிதியடியைத் தட்டினால் மண் கொட்டுகிறது. இடப்பக்கம்தான் அதிகம், தினமும் இதே வழியில் கம்பெனிக்குப் போக வர என் பெண்டாட்டி ஸ்டெல்லா உட்காரும் பக்கம். கதவு ரப்பர் வேறு கிழிந்திருக்கிறது.

அவளுக்கு இன்றும் இளைப்பு. தூசியில் வேலையா என்று டாக்டர் கேட்டாராம். "கம்பெனில பவுடர் கொட்ற எடத்துல நிக்கிறேன்னு சொன்னேன்" என்றாள். ஆமாம், அதுதான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

6.5 செவ்வாய்
டீசல் போட வேண்டும். கரண்ட் இல்லை, சட்டை இஸ்திரி போடவில்லை.

ஸ்டெல்லா கம்பெனியில் இறங்கியதும் நேரே சூப்பர்வைசரிடம் போயிருக்கிறாள். மூச்சு முட்டுகிறது, வேறு இடம் கொடுங்கள் என்று. பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பேக்கிங்கில் இருந்த தேவியை இவள் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒன்றாகவே சாப்பிடுகிறவர்கள். இன்று தேவி தனியாகப் போய் உட்கார்ந்தாளாம்.

"நான் இன்னா பண்றது, மூச்சு உட முடியலயே." வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஏசியை இன்னும் கூட்டி வைத்தேன்.

7.5 புதன்
கவரைப்பேட்டை. மெக்கானிக்கிடம் கதவு ரப்பர் மாற்றப் போனேன். அவர் கையோடு டேஷ்போர்டு பெட்டியையும் கழற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஏசி ஃபில்டரே காணோம்? ரோட்டுத் தூசி நேரா மூஞ்சிலதான அடிக்கும்."

"தெரியலயே. வாங்கும்போதே இல்லியோ இன்னாவோ."

பொய். போன மாதம் நான்தான் எடுத்துப் போட்டேன். அடைத்துக்கொண்டு காற்றே வரவில்லை. எடுத்ததும் சில்லென்று வந்தது. புதிது வாங்க வேண்டும், வாங்கவில்லை. அவளுக்கு இளைப்பு வந்தது அதற்கப்புறம்தான்.

புது ஃபில்டர், புது ரப்பர். காற்று வரும் துளைகளில் பிரஷ் விட்டுத் துடைத்தார். செம்மண்ணாக வந்தது. அங்கே நிற்கவே முடியவில்லை.

10.5 சனி
இளைப்பு குறைந்துவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள்.

"பாத்தியாய்யா, எடம் மாத்துனதும் எவ்ளோ நிம்மதி" என்றாள்.

தேவி முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறாளாம். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். மீன் குழம்பு.

11.5 ஞாயிறு
சர்ச்சுக்குப் போய் வந்ததும் ஃபில்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கய்ட்டுனது நான்தான். அதனால இருக்குமோன்னு திங்கக்கெழம வண்டி கய்வும்போது தோணுச்சு."

"நான் சூப்பர்வைசராண்ட போய் நிக்கிறதுக்கு மின்னாடியே."

"ஆமா."

திட்டுவாள் என்று நின்றேன். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

12.5 திங்கள்
புழுக்கம். ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டில் நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். தேவியிடம் நானே சொன்னேன். அவள் குனிந்து வண்டிக்குள் பார்த்தாள்.

"அந்த எடத்துல தூசி இருக்கறதும் நெஜந்தாண்ணா. அக்கா ஒண்ணும் பொய் சொல்லல."

பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஸ்டெல்லா பழைய இடத்தையே திரும்பக் கேட்டு வாங்கியிருக்கிறாள். நாளையிலிருந்து. "வோணாமே" என்றேன். வண்டியில் ஏறியதும் ஏசியை அணைத்தாள். தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். மண்பாதையில் திரும்பினேன். முன்னால் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு டிப்பர். அப்போதும் அவள் கண்ணாடியை ஏற்றவில்லை.