நஸ்ரி அனுப்பும் ஐந்தெழுத்து

ஆதிலா,

"என்ட போன ஏன் தொட்டீங்க, உம்மா?" என்று காலையில் நீ போட்ட சத்தம் துறைமுகத்துக் கப்பல்காரருக்கும் கேட்டிருக்கும். பி-யும் எல்-லும் வரும் ஐந்தெழுத்து இங்கிலீஷ் சொல்லைக் கண்டுபிடிக்கும் உன் போன் விளையாட்டில், நான் கைக்கு வந்ததைத் தட்டி உன்னைத் தோற்கடித்தது பிழைதான். ஆனால் எதிர்வீட்டுப் பொடியன் நஸ்ரி விடியவே உனக்கு விடை அனுப்புவதை ஏன் மறைத்தாய்?

மீன் ஆணம் குசினியில் இருக்கிறது, கோபத்தோடாவது சாப்பிடு. நான் நஸ்ரியின் உம்மாவிடம் சீனி வாங்கப் போகிறேன்.

நம் சீனிப் போத்தல் நிறைந்திருக்கிறது. யாரும் வந்தால் ஒளித்து வை.

இன்னொன்று: உனக்கு விருப்பமென்றால் முன் ஜன்னலைத் திற. அங்கிருந்து பார்ப்பேன்; திறந்தால்தான் உங்கள் இருவரின் கல்யாணக் கதை எடுப்பேன், இல்லாவிட்டால் சீனியோடு திரும்புவேன்.

மாமி மகள் சனூஸாவின் மாப்பிள்ளை நம் வழக்கப்படி பெண்வீட்டோடு இருக்க மூதூரிலிருந்து படகேறி வந்தார். நஸ்ரி ரோட்டைக் கடந்தால் போதும்.

உம்மா